உங்களுக்குத் தெரியுமா? கையும் ஓடல, காலும் ஓடல!

பதற்றத்தைச் சொல்ல வரும்போது நாம் மனதைப் பற்றிப் பேசுவது குறைவு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்போம். வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தொண்டையை அடைக்கிறது, இருப்புக் கொள்ளவில்லை என்போம். எல்லாம் உடம்பு. ஆனால் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் ஆறுதல் மட்டும் ‘மனசத் தேத்திக்கோ’ என்று மனதைத் தேடிப் போகிறது. உடம்பில் வந்ததை உடம்பின் வழியாகவே தணிக்கும் முறைகள் உண்டு. மனநல மருத்துவத்தில் ‘கிரவுண்டிங்’ என்கிறார்கள். காலூன்றுதல் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் துணுக்குகள் எல்லாம் அதைப் பற்றியே.

✱

வயிற்றில் புளி கரைவதை எக்ஸ்ரேயில் பார்த்தவர் ஒருவர் உண்டு. பெயர் வால்டர் கேனன். 1890-களின் இறுதியில் ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். உணவு செரிக்கும்போது இரைப்பை எப்படி அசைகிறது என்று பூனைகளை வைத்து எக்ஸ்ரேயில் கவனிப்பது அவர் வேலை. பூனை மிரண்டால் போதும், இரைப்பை அசைவது அப்படியே நின்றுவிடும். அமைதியானதும் மறுபடி தொடங்கும். அந்த நிறுத்தத்தின் காரணத்தைத் தேடிப் போனதன் பலன்தான் 1915-இல் அவர் வெளியிட்ட நூல். ‘எதிர்த்து நில், இல்லையேல் ஓடு’ என்று உடம்பு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் விதத்தை உலகுக்கு விளக்கியது அதுவே. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினை விடுகிறது. இதயம் விரைகிறது, செரிமானம் நிற்கிறது, ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. புலி துரத்தினாலும் இதுதான், கடன் தவணை கேட்டு போன் வந்தாலும் இதுதான். ஓடத் தயாரான கால், மேசைக்கு அடியில் கிடந்து நடுங்குகிறது.

✱

பயப்படுவதால் நடுங்குகிறோமா, நடுங்குவதால் பயப்படுகிறோமா? இரண்டாவதுதான் என்று 1884-இலேயே வாதிட்டார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். அவர் சொன்னதை முழுசாக இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் உடம்பின் நிலை மாறினால் உணர்ச்சியும் மாறும் என்ற பகுதி இன்னும் நிற்கிறது.

✱

மூளையிலிருந்து கிளம்பி, கழுத்து, இதயம், நுரையீரல், குடல் என்று சுற்றித் திரியும் ஒரு நரம்பு உண்டு. அதன் பெயரே ‘அலைந்து திரிவது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்: வேகஸ். அதிலுள்ள இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மூளையின் கட்டளையை உடம்புக்குக் கொண்டுபோவதில்லை. உடம்பின் சேதியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. மேலே போகும் பாதை கீழே வரும் பாதையைவிட இத்தனை அகலம். ‘பயப்படாதே’ என்று நெஞ்சுக்கு உத்தரவு போடுவதைவிட, நெஞ்சிலிருந்து ‘ஆபத்தில்லை’ என்று மேலே சேதி அனுப்புவது எளிதாக இருப்பதை நானும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

✱

அந்த வேகஸ் நரம்பு இதயத்தை எப்படி மெதுவாக்குகிறது என்பதற்கு விடை கனவில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஆட்டோ லோவி நள்ளிரவில் விழித்துக் காகிதத்தில் எதையோ கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் அந்த எழுத்து அவருக்கே விளங்கவில்லை. அடுத்த இரவு அதே கனவு. இந்தமுறை எழுதிவைக்காமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, தூண்டப்படாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளை விட்டுத்தான் இதயத்தை அமைதியாக்குகிறது! 1921-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்காக 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

✱

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், பிறகு மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது தளரும். இளைஞர்களிடம் இது தெளிவாகவே தெரியும். ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847-இலேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார். மூச்சை விடும் நேரம் வேகஸின் நேரம்.

இதை அறிந்தபிறகு, பதறுபவரிடம் நாம் வழக்கமாகச் சொல்லும் ‘நல்லா ஆழமா மூச்சை இழு’ என்பதில் ஒரு பிசகு இருப்பது புரியும். பதறுபவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார். ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்குமீறிக் குறைந்திருக்கிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. மூச்சு போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் பலமாக இழுக்கிறார், நிலைமை இன்னும் மோசமாகிறது. சொல்ல வேண்டியது இது: ‘மூச்சை மெதுவா விடு. இன்னும் மெதுவா. அடுத்தது தானா வரும்.’ சூடான காபியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து விடச் சொன்னால் குழந்தைகளும் செய்துவிடுவார்கள்.

✱

பழைய படங்களில் வருவதுபோல் காகிதப் பையை வாயில் பொத்தி மூச்சு விடச் செய்யாதீர்கள். வந்திருப்பது பதற்றமா, ஆஸ்துமாவா, மாரடைப்பா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பின்னிரண்டில் அது உயிருக்கே ஆபத்து.

✱

யாராவது பெருமூச்சு விட்டால் ‘என்ன கவலை?’ என்று கேட்கிறோம். கவலையே இல்லாமலும், நாமறியாமல், ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடுகிறோம். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உண்டு. அவற்றில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். இரண்டு மடங்கு காற்று ஒரேயடியாக உள்ளே போகும்போதுதான் அவை மீண்டும் விரியும். பெருமூச்சின் வேலை அதுதான். அதற்கு உத்தரவிடும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் எங்கே இருக்கின்றன என்பதை 2016-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டறிந்தார்கள்.

இதையே பயிற்சியாக்கிப் பார்த்தது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். மூக்கால் ஒரு மூச்சு, அதன் உச்சியில் இன்னொரு குட்டி மூச்சு, பிறகு வாய் வழியாக நீண்ட வெளிமூச்சு. தினம் 5 நிமிடம், ஒரு மாதம். 2023-இல் வெளியான முடிவின்படி, மனநிலை மேம்பட்டதில் இந்தப் பெருமூச்சுப் பயிற்சி செய்தவர்கள், அதே அளவு நேரம் கண்மூடித் தியானம் செய்தவர்களை முந்தியிருந்தார்கள். பேருந்திலோ வகுப்பறை வாசலிலோ யாருக்கும் தெரியாமல் செய்யலாம். ஒன்றிரண்டு முறை செய்தாலே தோள் இறங்குவது தெரியும்.

✱

‘ஆசுவாசம்’ என்ற சொல்லுக்குள் ‘சுவாசம்’ இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மூச்சைத் திரும்பப் பெறுவது என்ற வேரிலிருந்து வந்த வடசொல் அது.

✱

செபமாலை உருட்டும் பாட்டியும் மந்திரம் ஜபிக்கும் துறவியும் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்கள்? ஏறக்குறைய 6. இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்து அளந்து 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது இது. லத்தீன் மொழியில் மரியன்னை செபத்தைச் சொன்னாலும், பௌத்த மந்திரத்தைச் சொன்னாலும் மூச்சு தானாக 10 விநாடிக்கு ஒன்று என்ற கதிக்கு வந்தது. ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் இயல்பிலேயே 10 விநாடி அளவில்தான் அலைகிறது. இரண்டும் ஒத்திசையும்போது, ரத்த அழுத்தத்துக்கேற்ப இதயம் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் திறன் கூடுகிறது.

இந்த ஆய்வை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. போர் நடந்த ஆண்டுகளில் அங்கு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், குண்டுவீச்சிலும் இடப்பெயர்விலும் நொறுங்கிப்போனவர்களுக்கு, அவரவர் பழக்கத்தில் உள்ள வழியையே பயிற்சியாகக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். இந்துவுக்கு ஜபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்கு திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த ஊரில், மக்கள் ஏற்கெனவே கையில் வைத்திருந்ததை மருந்தாக்கிய அந்தக் கரிசனம் பெரிது.

✱

2004 சுனாமிக்குப் பிறகு தென்னிந்தியாவின் முகாம்களில் இருந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. கடும் மனவடுவோடு இருந்த 183 பேர். 8 மணி நேர மூச்சுப் பயிற்சி பெற்ற முகாம்களில் உள்ளவர்களின் துயரம் 6 வாரத்தில் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆட்களைச் சீட்டுப்போட்டுப் பிரிக்காமல் முகாம்வாரியாகப் பிரித்த ஆய்வு என்பதால், இதை இறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் கூரையே இல்லாதவர்களிடமும் மூச்சு இருந்தது, அது உதவியது.

✱

ம்ம்ம் என்று முனகிப் பாருங்கள். அமைதியாக மூச்சு விடும்போது வருவதைவிட 15 மடங்கு நைட்ரிக் ஆக்சைடு மூக்கிலிருந்து வெளியேறும். சுவீடனில் 2002-இல் அளந்தார்கள். பதற்றம் தணிவதற்கு இந்த வாயு காரணமா என்பது வேறு கேள்வி. முனகும்போது வெளிமூச்சு நீளமாகிறது, மார்புக்கூடு அதிர்கிறது, அது போதும். யோகத்தில் இதற்கு வண்டின் பெயரால் பிராமரி என்று பெயர். குழந்தையைத் தணிக்கும் தாலாட்டும் குரலின் வேலைதான். அதிலுள்ள ‘தால்’ என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு.

✱

அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள் முதலில் சொல்வது, ‘போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, அப்புறம் பேசலாம்.’ குளிர்ந்த நீர் நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் பட்டு, மூச்சும் ஒரு கணம் நின்றால், முகத்து நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி சொல்ல, வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. நீரில் மூழ்கும் உயிர்களுக்கான ஏற்பாடு இது. பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1870-இல் வாத்துகளிடம் இதைக் கண்டு எழுதிவைத்தார். சீல்களிடம் உண்டு. 1962-இல் வெளியான ஆய்வொன்றில் ஆஸ்திரேலிய முத்துக்குளிப்பவர்களிடமும் அளந்தார்கள். நம் மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்தவர்களின் நெஞ்சுக்கும் அதே பாதுகாப்புதான் இருந்திருக்கும்.

அளவுக்குமீறி வேகமாகத் துடிக்கும் ஒருவகை இதயக் கோளாறுக்கு, பச்சிளங்குழந்தையின் முகத்தில் ஐஸ் பையை வைத்து மருத்துவர்கள் துடிப்பைச் சீராக்குவதும் இதே வழியில்தான். வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய சிகிச்சையில், தாங்க முடியாத கொந்தளிப்புக்கு முதல் உதவியே குளிர்ந்த நீர். தானும் இளவயதில் மனநோய் மருத்துவமனையில் கிடந்தவள் என்பதை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு எச்சரிக்கை: இதய நோய் உள்ளவர்கள், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐஸ் நீரில் முகத்தை முக்க வேண்டாம். ஈரத்துண்டு போதும்.

✱

‘ரிலாக்ஸ் ஆகு’ என்று சொன்னால் யாராலும் ஆக முடியாது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் கண்டுபிடித்த வழி சுற்றுவழி. தசையை முதலில் இறுக்கு, கொஞ்ச நேரம் பிடி, பிறகு விட்டுவிடு. இறுக்கத்தை உணர்ந்தவனுக்கே தளர்வு தெரியும். அவரது நூல் 1929-இல் வெளிவந்தது. அவரிடம் முழுமையாகக் கற்க மாதக்கணக்கில் ஆனது. பின்னால் வந்தவர்கள் 16 தசைத்தொகுதிகளாகச் சுருக்கினார்கள். அவசரத்துக்குக் கை முஷ்டியும் தோளும் தாடையும் போதும். இப்போது இதைப் படிக்கும்போதே உங்கள் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கின்றனவா, பாருங்கள்.

✱

கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, எப்படி? மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்விகள் கை எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. 1906-இல் ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் இந்தப் புலனுக்குப் பெயர் சூட்டினார். எந்தப் புரதத்தால் அது நடக்கிறது என்று கண்டதற்காக ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-இல் நோபல் பெற்றார். உள்நாட்டுப் போர் நடந்த லெபனானில் வளர்ந்தவர் அவர். சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது, நாற்காலியின் விளிம்பைப் பிடித்து அழுத்துவது, குதிகாலைத் தரையில் ஊன்றுவது ஆகியவை இந்தப் புலனைத்தான் எழுப்புகின்றன. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று உடம்பு மூளைக்குச் சொல்லும் சேதி அது.

✱

5, 4, 3, 2, 1. கண்ணில் படும் ஐந்து, தொடக்கூடிய நான்கு, காதில் விழும் மூன்று, மூக்குக்கு எட்டும் இரண்டு, நாவில் ஒன்று. கிரவுண்டிங்கில் மிகவும் பரவிய பயிற்சி இது. கோயம்பேடு நடைமேடையில் நின்றுகொண்டும் செய்யலாம்: பேருந்தின் பெயர்ப்பலகை, பூக்காரியின் கூடை, கைப்பிடிக் கம்பியின் குளிர்ச்சி, நடத்துநரின் விசில், மல்லி, டீசல், வாயில் மிச்சமிருக்கும் காபிக் கசப்பு. நடந்து முடிந்ததும் நடக்கப்போவதும்தான் நம்மை வாட்டுகின்றன. கண்ணும் காதும் தோலும் இப்போதைய கணத்தை மட்டுமே அறியும். அதனால்தான் பழைய கொடுமை கண்முன் மீண்டும் ஓடும் நிலையில் இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் இதைக் கற்றுத்தருகிறார்கள்.

அப்பாவின் அறுவைச் சிகிச்சை முடியக் காத்திருந்த ஒரு பகலில் எனக்குக் காது அடைத்து, எதிரே பேசுபவர் குரல் தூரத்தில் கேட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “செருப்பக் கழட்டிட்டு காலைத் தரையில வைம்மா. ஜில்லுனு இருக்கும்” என்றார். மொசைக் தரை. ஈரம் காயவில்லை. பெருவிரல், குதிகால் என்று ஒவ்வொன்றாக அந்தக் குளிர்ச்சி ஏறியது நினைவிருக்கிறது. காது திறந்தது. அவர் எந்த நூலும் படித்திருக்கமாட்டார்.

✱

வெறுங்காலுடன் மண்ணில் நடந்தால் பூமியின் மின்னணுக்கள் உடம்பில் ஏறி நோய் தீரும் என்பது வேறு சமாச்சாரம். அதற்கு உறுதியான சான்று இல்லை. அதற்கென்று விற்கும் விலையுயர்ந்த பாய்களை வாங்க வேண்டாம்.

✱

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் மன அழுத்தத்துக்கென்று படங்களோடு வெளியிட்ட கையேட்டில் முதல் பாடமே காலூன்றுதல்தான். அந்தப் பாடத்திட்டத்தை உகாண்டா முகாம்களில் இருந்த தெற்கு சூடான் அகதிப் பெண்கள் 694 பேரிடம் சோதித்தார்கள். பதிவுசெய்த குரலைக் கேட்டுக் குழுவாகச் செய்தார்கள். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், சிறு பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். மூன்று மாதம் கழித்தும் துயரம் ஓரளவு குறைந்தே இருந்தது.

✱

1997-இல் பாலின் என்ற சூறாவளி மெக்சிகோவின் அகபுல்கோவைச் சூறையாடியது. பிழைத்த குழந்தைகளுக்கு உதவப் போன லூசினா ஆர்திகாஸ் ஒரு முறையைக் கொண்டுவந்தார். இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் குறுக்காக வைத்து, பட்டாம்பூச்சி சிறகடிப்பதுபோல் மாறி மாறி மெல்லத் தட்டிக்கொள்வது. ‘பட்டாம்பூச்சி அணைப்பு’ என்று பெயர். அணைக்க ஆளில்லாத குழந்தை தன்னைத் தானே அணைத்துக்கொள்ளலாம்.

✱

மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்குப் பதற்றம் கூடும். கண்ணை மூடினால் சிலருக்கு இருள் பயமுறுத்தும். உடலளவில் கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் தம் உடம்பைக் கவனிப்பதே வேதனையாகலாம். இது அவர்கள் குறை அல்ல, ஆய்விதழ்களில் பதிவான விஷயம். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, வெளியே இருப்பதை எண்ணட்டும். உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்லோ சாவிக்கொத்தோ இருக்கட்டும். யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

✱

மாடுகளுக்கு ஊசி போட நிறுத்தும் சட்டகம் இருபக்கமும் அழுத்தியதும் மிரண்ட மாடு அமைதியாவதை அரிசோனாவில், தன் அத்தை வீட்டுப் பண்ணையில் கவனித்தார் ஆட்டிசம் கொண்ட டெம்பிள் கிராண்டின். 18 வயதில் தனக்கென்று ஓர் அழுத்தும் கருவியைச் செய்துகொண்டார். மனிதர் அணைத்தால் அவருக்குத் தாங்காது, இது தாங்கியது. இன்று விற்கும் கனத்த போர்வைகளுக்குப் பின்னால் இருப்பது அதே ஆழ்ந்த அழுத்தம்.

✱

முதுகைத் தடவிக்கொடுப்பதற்கு ஒரு வேகம் இருக்கிறது! விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர். ரோமம் உள்ள தோலில், மெதுவான, உடற்சூடுள்ள தொடுகைக்கு மட்டும் விழித்தெழும் தனி நரம்பிழைகள் உண்டு. வேகமாகத் தேய்த்தால் அவை அவ்வளவாகப் பேசாது.

கையைப் பிடித்தாலும் பலன் உண்டு. 2006-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர், மின்னதிர்ச்சி வரப்போகிறது என்ற அச்சத்தில் இருந்த 16 மனைவிமாரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்தைக் குறிக்கும் பகுதிகள் அடங்கின. முன்பின் தெரியாதவர் கைகூடக் கொஞ்சம் உதவியது. தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன்.

✱

பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது முதன்முதலாக முயன்றால் எதுவும் நினைவுக்கு வராது. அரிசி களையும்போது, சிக்னலில் நிற்கும்போது, நன்றாக இருக்கும் நேரத்தில் பழகிவையுங்கள்.

✱

நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், பயிற்சி செய்துகொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், கால் ஊன்றுவது மட்டும் போதாது, கைகொடுக்க ஆள் வேண்டும். இந்தியாவில் டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் 1926.

✱

கடைசியாக ஒன்று, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு. அழும் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைவிட, தூக்கிக்கொண்டு நடந்தால் சில விநாடிகளிலேயே அதன் இதயத்துடிப்பு குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். 2022-இல் அதே குழுவினர் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: தூங்கிவிட்டது என்று கீழே விட்டதும் ஏன் விழித்துக்கொள்கிறது? முதுகு பாயில் படும்போது அல்ல, தாயின் நெஞ்சிலிருந்து பிரியத் தொடங்கும் அந்த நொடியிலேயே துடிப்பு ஏறிவிடுகிறது. அவர்கள் சொல்லும் கணக்கு: 5 நிமிடம் தூக்கிக்கொண்டு நடங்கள், தூங்கியபின் 5 முதல் 8 நிமிடம் நெஞ்சோடு வைத்தபடி உட்காருங்கள், அதன்பிறகு தொட்டிலில் விடுங்கள்.